மாப்பிள்ளை கலக்கிய தண்ணி

என் மாமனார் தன் வாழ்நாளில் குடித்ததிலேயே மிக மோசமான பானத்தைக் கலக்கிக் கொடுத்தவன் நான்தான். இது யாரோ கிளப்பிவிட்ட வதந்தி இல்லை. அவரே சொல்லியிருக்கிறார், பல வீடுகளில், என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே. சொல்கிறவர் சாதாரண ஆளாக இருந்தால் துடைத்துப்போட்டுவிட்டுப் போகலாம். அவரோ பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் முப்பத்தைந்து வருஷமாகத் தண்ணி கலக்குகிறவர். (தமிழ்நாட்டு வாசகர்கள் தவறாக நினைக்கவேண்டாம். எங்கள் ஊரில் தண்ணி என்றால் டீயும் காப்பியும்தான்.)

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. எங்கள் கடைக்கு எதிரேதான் மணியம் அங்கிள் தே தாரிக் இழுக்கும் கடை. ஒரு கையை உயர்த்தி இன்னொரு கையை இறக்கினால், நடுவே ஒரு முழத்துக்குக் குறையாமல் டீ தொங்கும். நான் ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ் குடிப்பேன். அவருடைய மகள்தான் ஷாமினி என்பது அவள் எங்கள் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்தபோது எனக்குத் தெரியாது. சுவரில் மாட்டிய அட்டையில் கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன். அது கிழிந்திருக்கிறது என்றாள். போய்ப் பார்த்தேன், கிழிந்துதான் இருந்தது. அவளுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று அன்றைக்கே புரிந்துகொண்டேன். ஒன்றரை வருஷம் காதலித்துவிட்டு இரண்டு வீட்டிலும் சொன்னோம். இரண்டு வீட்டிலும் பெரிதாக யாரும் எதிர்க்கவில்லை. பெண் வீட்டார் கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போனால் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிடலாம் என்ற அளவுக்குக் காரியம் கனிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து நான் இரத்தப் பரிசோதனைக்குப் போனேன்.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் டாக்டர். சின்ன வயதுப் பெண். ஒரு நாளைக்கு எத்தனை தே தாரிக் என்று கேட்டார். இரண்டு என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆறு என்றேன். சீனியில்லாமல் ஏதாவது குடிக்கப் பழகிக்கொள்ளுங்கள், பழம், மூலிகை இப்படி ஏதாவது போட்டு வீட்டிலேயே தயாரிக்கலாம் என்றார். வேறு யாராக இருந்தாலும் ஒரு பெட்டி மூலிகைத் தேநீர் வாங்கி மூன்று நாள் குடித்துவிட்டு அலமாரியின் பின்பக்கம் தள்ளியிருப்பார்கள். நான் எதையும் பாதியில் விடுகிறவன் அல்ல. அது ஒரு நல்ல குணம் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். கண்ணாடியில் செய்த தேநீர்க் கெண்டி ஒன்று வாங்கினேன், உள்ளே நடப்பது தெரியவேண்டும் என்பதற்காக. கிள்ளான் பாசாரில் கிடைத்த பழம், தோல், பூ, வேர் எதையும் விடவில்லை. அன்னாசியை மெல்லியதாகச் சீவி வெயிலில் காயவைத்தேன். மங்குஸ்தான் தோலைக் காயவைத்து ஊறவைத்துக் குடித்தேன். வாய் உள்பக்கமாகச் சுருங்கி, அரை மணி நேரம் விசில் அடிக்கிற மாதிரியே உட்கார்ந்திருந்தேன். சங்குப்பூவை ஊறவைத்தால் நல்ல நீலம் வரும், எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும், ருசி மட்டும் எந்த நிறத்திலும் வராது. பூவைக் கொதிக்கவிடக்கூடாது, வேரைக் கொதிக்கவிடாமல் இருக்கக்கூடாது, எதை ஊறவைத்தாலும் மூடிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசனை எல்லாம் கூரைக்குப் போய்விடும் என்று நானே கண்டுபிடித்து நானே எழுதிக்கொண்டேன். (இதெல்லாம் உலகத்துக்கு முன்பே தெரியும் என்பது பிறகுதான் தெரிந்தது.)

ருசி பார்ப்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே ஆள் அம்மா. அப்பா இறந்தபிறகு நாங்கள் இரண்டு பேர்தான் வீட்டில். அம்மா ஒரு பாலர் பள்ளியில் சமையல் செய்கிறவர், ஐம்பது பிள்ளைகளின் நாக்கைச் சமாளித்தவர். நான் நீட்டும் ஒவ்வொரு கோப்பையையும் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, பத்துக்கு எத்தனை என்று நான் கேட்பதற்குள் சொல்லிவிடுவார். இஞ்சியும் இலவங்கப்பட்டையும் போட்டது, பரவாயில்லை, மிளகைக் கூட்டினால் ரசம் ஆகிவிடும். ஆரஞ்சுத் தோல் போட்டது, பாத்திரம் கழுவும் சோப்பு. சோற்றில் வாசனைக்குப் போடும் பண்டான் இலை போட்டது, சோறு எங்கே?

இப்படி ஒன்றரை மாதம் போராடி, கடைசியில் அம்மாவிடமிருந்து எட்டு மதிப்பெண் வாங்கிய ஒரு கலவையைக் கண்டுபிடித்தேன். காய்ந்த அன்னாசி, இஞ்சி, ஒரு பண்டான் இலை, நசுக்கிய எலுமிச்சைப் புல். எங்கள் ஊரில் அந்தப் புல்லுக்குச் செராய் என்றுதான் பெயர். செராய் இல்லாமல் இங்கே பாதிச் சமையல் நடக்காது. அந்தத் தேநீர் உண்மையாகவே நன்றாக இருக்கும். இதை நான் இன்றைக்கும் எந்தச் சபையிலும் சொல்வேன். யாரும் நம்பமாட்டார்கள், அது வேறு விஷயம்.

இதற்கு நடுவே ஒரு பெரிய தப்பு செய்தேன். மதிய இடைவேளையில் வழக்கம்போல மணியம் அங்கிள் கடைக்குப் போய் உட்கார்ந்து, சுடுதண்ணி மட்டும் கேட்டேன். அவர் கொடுத்தார். நான் பையிலிருந்து என்னுடைய பொட்டலத்தை எடுத்து, அவர் கண் முன்னாலேயே அந்தக் கிளாஸில் போட்டு, மேலே ஒரு தட்டை வைத்து மூடி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நாள் இல்லை, ஒரு வாரம். இருபத்தெட்டு வருஷமாகத் தண்ணி கலக்குகிற மனிதரின் கடையில், அவருக்கு மருமகனாக வரப்போகிறவன்.

எட்டாம் நாள் ஷாமினி போன் செய்தாள். அப்பா வீட்டுக்கு வந்தால் யாரிடமும் பேசுவதில்லை, நேற்று அம்மாவிடம் “அந்தத் தம்பிக்கு என் கை மேல என்னா கோவம்?” என்று கேட்டாராம். நான் டாக்டர் சொன்னதைச் சொல்லச் சொன்னேன். சொல்லிவிட்டாளாம். அதற்கு அவர், சீனி வேண்டாம் என்றால் என்னிடம் கேட்டால் சீனி இல்லாமல் கொடுக்கமாட்டேனா என்றாராம்.

அப்போதுதான் எனக்குள் அந்த வைராக்கியம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். என் கையால் அந்த அன்னாசி இஞ்சித் தேநீரைக் கலக்கி அவருக்குக் கொடுப்பேன். ஒரே வாயில் அவருக்குப் புரிந்துவிடும், நான் அவர் தொழிலை அவமதிக்கவில்லை, அதே தொழிலில் ஒரு மூலையில் நின்று உழைத்துக்கொண்டிருக்கிறேன் என்று. ஷாமினி கெஞ்சினாள். பாக்கெட்டில் வருகிற டீத்தூளைப் போட்டு பால் ஊற்றிக் கொடுத்துவிடுங்கள், அன்றைக்கு ஒரு நாள் மட்டும் மானத்தைக் காப்பாற்றுங்கள் என்றாள். அம்மாவும் அதையேதான் சொன்னார். நான் கேட்கவில்லை. பெண் பார்க்கப் போனால் பெண் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவதில்லையா, இங்கே மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு வரட்டும் என்று வசனம் வேறு பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே இஞ்சியைக் கொதிக்கவிட்டேன். காரம் சரியாக இருக்கிறதா என்று ஒரு கரண்டி எடுத்து, ஆறவிடப் பொறுமையில்லாமல் வாயில் ஊற்றிக்கொண்டேன். நாக்கின் நுனியிலிருந்து நடு வரைக்கும் வெந்துபோனது. ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு நாக்கு என்ற ஒன்று வாயில் இருப்பது தெரிந்ததே தவிர, அது எந்தத் தகவலும் அனுப்பவில்லை. எத்தனையோ முறை கலக்கியாகிவிட்டது, கை அளவு போதும் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

பத்தரைக்கு ஷாமினி செய்தி அனுப்பினாள். அப்பா, அம்மா, சுங்கை பூலோவிலிருந்து பார்வதி அத்தை, மூன்று பேரும் கிளம்பிவிட்டார்கள், கார் சுபாங் ஜெயாவைத் தாண்டிவிட்டது. (பெண் உடன் வரக்கூடாது என்று அத்தை சட்டம் போட்டுவிட்டதால் அவள் வீட்டிலேயே இருந்தாள். பார்வதி அத்தை மணியம் அங்கிளின் அக்கா. சட்டம் போடுவது அவருக்குக் கை வந்த கலை.) நான் குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். செராய் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். விருந்தாளிகளுக்குக் கோழி ரெண்டாங் வைத்ததில் அத்தனையும் போய்விட்டது என்றார். அதில் எனக்கென்று நாலு தண்டு தனியாக எடுத்து வைத்திருந்தேனே என்றேன். தனியாக இருந்ததால்தான் சுலபமாகக் கைக்குக் கிடைத்தது என்றார்.

பாசாருக்குப் போய் வர நேரமில்லை. செராய் இல்லாமலே கலக்கியிருக்கலாம். பாதியில் விடாத குணம் விடவில்லை. பின்வாசலுக்கு வந்து நின்றேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மாக்சிக் ரொஹானாவின் வேலியோரம், ஆள் உயரத்துக்குப் புதர் புதராகச் செராய் எங்கள் பக்கம் சாய்ந்து நின்றது. எத்தனையோ மாதமாக அது அங்கேதான் இருக்கிறது, நான்தான் கண்டுகொள்ளவில்லை. மாக்சிக்கைக் கூப்பிட்டுப் பார்த்தேன். கல்யாண விருந்துக்குப் போயிருக்கிறார் போல. வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று எட்டுத் தண்டுகளை வெட்டினேன். அடித்தண்டு செக்கச்செவேல் என்று இருந்தது. இது உயர்ந்த ரகம் என்று நினைத்துக்கொண்டேன்.

நசுக்கும்போதே சமையலறை முழுக்க வாசனை தூக்கியது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, என்ன இது இப்படி அடிக்கிறது என்று கேட்டார்.

“மண்ணுல வச்சது அம்மா. மருந்து அடிக்காதது. அப்படித்தான் இருக்கும்.”

அம்மா ருசி பார்க்க ஒரு கோப்பை கேட்டார். அந்த நேரம் வாசலில் கார் சத்தம்.

வந்தவர்களை உட்கார வைத்து, நலம் விசாரித்து, பதினைந்து நிமிஷத்தில் நான் தட்டோடு வந்தேன். கண்ணாடிக் கெண்டியில் தங்க நிறத்தில் தேநீர், உள்ளே அன்னாசித் துண்டுகள் மிதக்கின்றன. பார்க்க அவ்வளவு அழகு. மணியம் அங்கிள் கெண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஊற்றிக்கொண்டே விளக்கம் சொன்னேன். பழத்தை எத்தனை நாள் காயவைக்க வேண்டும், ஏன் மூடிவைக்க வேண்டும், பன்னிரண்டு நிமிஷத்துக்குக் குறையாமல் ஏன் ஊறவேண்டும். ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரிடம் பேசும் தோரணையில்.

முதலில் குடித்தவர் பார்வதி அத்தை. கோப்பை உதட்டில் பட்டது, கண் இரண்டும் அகலமாகத் திறந்தது, திறந்தபடியே நின்றது. பிறகு வாயைத் திறக்காமல் கோப்பையை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்தார். ஷாமினியின் அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு வீடு நல்ல காற்றோட்டமாக இருக்கிறது என்றார். ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டுதான் சொன்னார்.

மணியம் அங்கிள் குடித்தார். ஒரு வாய். கொஞ்சம் நிறுத்தினார். இன்னொரு வாய். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நெற்றியில் மட்டும் பொடிப்பொடியாக வேர்த்தது. நான் அதை இஞ்சியின் வெற்றியாக எடுத்துக்கொண்டேன். அவர் கடைசிச் சொட்டு வரை குடித்து, கோப்பையைக் கீழே வைத்தார். என் மனசு அப்படியே பறந்தது. இன்னொரு கோப்பை ஊற்றட்டுமா என்று கெண்டியைத் தூக்கினேன். அவர் உள்ளங்கையால் கோப்பையை மூடினார், பதறாமல், ஆனால் சீக்கிரமாக.

அந்த நிமிஷத்தில்தான் வாசலில் மாக்சிக் ரொஹானாவின் குரல். விருந்துக்கு உடுத்திப் போன பட்டு உடையோடு, கையில் பலகாரப் பொட்டலத்தோடு, எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபமே இல்லை. மலாயில் அன்பாகத்தான் கேட்டார். என் செராயை வெட்டினாயா மகனே, பரவாயில்லை, கேட்டிருந்தால் நானே தந்திருப்பேன், உங்கள் வீட்டிலும் கொசு அதிகமா?

நான் இல்லை மாக்சிக், டீ போடத்தான் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். பிறகு தட்டில் இருந்த கோப்பைகளை.

“இது செராய் வாங்கி லா,” என்றார்.

வாங்கி என்றால் மலாயில் வாசனை. சமையலில் போடும் செராய் வேறு, இது வேறு. கொசு விரட்டுவதற்கென்றே வளர்ப்பது. போன வருஷம் எங்கள் தெருவில் ஒருவருக்கு டெங்கி வந்தபிறகு அவர் வேலியோரம் நட்டது. இதைக் கொதிக்கவைத்துத் தரை துடைப்பார்களாம், சாயந்திரம் கை காலில் தேய்த்துக்கொள்வார்களாம். இதை எல்லாம் அவர் பொறுமையாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். மலாய் தெரியாதவர் அந்தக் கூடத்தில் ஒருவரும் இல்லை. குடித்தால் உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று கடைசியில் ஆறுதலும் சொல்லிவிட்டு, பலகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பார்வதி அத்தைதான் முதலில் பேசினார். என்னிடம் இல்லை, தம்பியிடம்.

“கொசு மருந்தயாடா முழுசா குடிச்ச?”

மணியம் அங்கிள் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “நம்ம கடையில யாராச்சும் பாதி கிளாஸ் வச்சிட்டு எழுந்து போனா எனக்கு அன்னிக்கு சோறு எறங்காது அக்கா. ஒருத்தர் கலக்கிக் குடுத்தத நான் எப்படி வைக்கிறது?”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு வாரம் அவர் சுடுதண்ணியில் என் பொட்டலத்தை நனைத்தவன் நான். என் தண்ணியை, அதுவும் தரை துடைக்கிற தண்ணியை, அவர் சொட்டு விடாமல் குடித்திருக்கிறார். அம்மா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை. கெண்டியில் மிச்சம் இருந்ததை ஒரு கோப்பையில் ஊற்றி, அத்தனை பேர் பார்க்க நானும் குடித்தேன். நாக்கு வெந்து போயிருந்தும் ருசி தெரிந்தது. வாடகைக் காரில் பின்னாடி தொங்குமே ஒரு வாசனை டப்பா, அதை வாயில் போட்டு மென்றால் எப்படி இருக்கும், அப்படி. மூக்கு வழியாக ஏறிக் காது வழியாக வெளியே போனது.

குடித்து முடித்துவிட்டு, “அங்கிள், ஒரு கால் மணி நேரம் குடுங்க. நான் வேற கலக்குறேன்” என்றேன்.

அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஷாமினியின் அம்மா கைப்பையை மடியில் எடுத்து வைத்தார். அத்தை எழுந்தே விட்டார். எதையும் பார்க்காமல் நான் சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். இஞ்சி இருந்தது, காய்ந்த அன்னாசி இருந்தது, பண்டான் இலை இருந்தது. புல் என்ற பெயரில் எதையும் தொடவில்லை. ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டேன். இஞ்சி கொதித்து, அன்னாசி ஊறி, மூடியைத் திறக்கலாம் என்று திரும்பினால் மணியம் அங்கிள் கதவருகே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

நான் ஊற்றிய கோப்பையை முதலில் அம்மாவிடம் நீட்டினேன். அம்மா ஒரு வாய் குடித்து, சரி என்று தலையை ஆட்டினார். பிறகு மணியம் அங்கிளிடம் கொடுத்தேன். முகர்ந்தார். குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். வாய்க்குள் சுழற்றினார்.

“இது தண்ணி,” என்றார். கோப்பையை என் பக்கம் நீட்டி, “சீனி எங்க தம்பி?” என்று கேட்டார்.

அம்மாதான் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு, கூடத்துக்குப் போய், அத்தைக்கும் ஒரு கோப்பை கொடுக்கச் சொன்னார். அத்தை வாங்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார். கோழி ரெண்டாங்கை இரண்டு முறை போட்டுக்கொண்டார். அதில் போட்டது எந்தச் செராய் என்று அம்மாவிடம் தனியாகக் கூப்பிட்டு விசாரித்துவிட்டுத்தான்.

அவர்கள் கிளம்பி அரை மணி நேரத்தில் ஷாமினியிடமிருந்து செய்தி. அப்பா காரில் நாலு ஜன்னலையும் திறந்துவைத்துக்கொண்டு வருகிறாராம், ஏர்கோன் போடச் சொன்னால் வேண்டாம் என்கிறாராம், என்ன கொடுத்தீர்கள்? நான் உண்மையைச் சொன்னேன். நீண்ட நேரம் பதில் வரவில்லை. கல்யாணம் நின்றுவிட்டது என்றே முடிவுகட்டி, அந்த நோட்டுப் புத்தகத்தைக் கிழிக்கக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம் போன் வந்தது. அவளால் பேச முடியவில்லை. அழுகிறாள் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தை காரிலேயே இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அதற்கு அவள் அப்பா சொன்னாராம், “அதக் குடிச்சிட்டே நான் உயிரோட இருக்கேன். இனிமே அந்தத் தம்பி என்னத்தக் குடுத்தாலும் தாங்கும். நாள் பாருங்க.”

மறுநாள் மதியம் அவர் கடைக்குப் போனேன். நான் எதுவும் கேட்பதற்குள் சீனி இல்லாத டீ ஒன்று, ஒரு முழத்துக்கு இழுத்து, நுரையோடு என் முன்னால் வைத்தார். சொட்டு விடாமல் குடித்தேன். இப்போது ஒரு நாளைக்கு ஒரு கிளாஸ், அவர் கையால் மட்டும். வீட்டில் அன்னாசித் தேநீர். புல்லைப் பாசாரில்தான் வாங்குவேன், விற்கிற அக்காவிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டு.

கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிவிட்டது. பார்வதி அத்தை இன்னும் என்னை மன்னிக்கவில்லை, ஆனால் நான் இல்லாமல் அவருக்குப் பொழுது போவதில்லை. சுங்கை பூலோவில் அவர் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், சாயந்திரம் கொசு வர ஆரம்பித்து யாராவது கொசுவத்தியைத் தேடி எழுந்தால், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வார், “எதுக்கு லா, அதான் மாப்பிள்ளை வந்திருக்காருல்ல.” வீடே சிரிக்கும். மணியம் அங்கிள் எல்லாருக்கும் கடைசியாகச் சிரித்து, எல்லாருக்கும் கடைசியாக நிறுத்துவார். நானும் சேர்ந்து சிரித்துக்கொள்வேன், வேறு வழி?

இந்தப் பேச்சு வெறும் கிண்டல் என்று வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தியைத் தவிர. போன வாரம் என் மூன்று வயது மகள், கொசு கடித்துச் சிவந்த காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள். தேய்ப்பதற்கு மருந்து எடுக்க எழுந்தேன். அவள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“மருந்து வேணாம்பா,” என்றாள். “நீ ஊது. கொசு ஓடிரும்.”